நம்ம கடிகாரம் யாருடைய நேரத்தைக் காட்டுது?



போன செமஸ்டர் விடுமுறையில் பாட்டி என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். சித்தப்பாவின் ஜாதகத் தாளைப் பூச்சி அரித்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல போட்டுப் புதுசா எடுத்துக் கொடுடா" என்றார். சித்தப்பா 1980-இல் பினாங்கில் பிறந்தவர். தேதி, பிறந்த நேரம், ஊர் எல்லாம் போட்டேன். மலேசிய நேரம் 8 மணி முன்னால் என்பதையும் தட்டினேன். மேஷ லக்னம் என்று வந்தது. பழைய தாளிலோ ரிஷப லக்னம்!

"பழைய ஜோசியர்தான் தப்பாப் போட்டிருக்கணும் பாட்டி" என்றேன். பாட்டி சிரித்தார். "கடிகாரத்தை அரை மணி தள்ளி வெச்சாங்களே, அதுக்கு முந்திப் பொறந்த பிள்ளைடா அவன்!"

தப்பு என்னுடையதுதான். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியாவில் நள்ளிரவு 12 என்று மாற்றினார்கள். சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரம் வர வேண்டும் என்பதற்காக. அதற்கு முன் நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணிதான் முன்னால். லக்னம் ஏறத்தாழ 2 மணிக்கு ஒருமுறை மாறும். அரை மணி தவறினால் ராசியே மாறிவிடலாம். அந்தத் தாளை மட்டும் தூக்கிப் போட்டிருந்தால், என் பிழையே சித்தப்பாவின் ஜாதகமாக நிலைத்திருக்கும்.

சூரியனின் நேரம் வேறு, சட்டத்தின் நேரம் வேறு

பூமி 24 மணியில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஜார்ஜ்டவுன் ஏறத்தாழ 100 பாகை 20 கலை கிழக்கில் இருக்கிறது. கணக்குப் போட்டால் நம் ஊரின் சொந்த நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 41 நிமிடம் முன்னால். ஆனால் நாம் கட்டியிருப்பது 120 பாகைக்கு உரிய 8 மணி நேரம். ஆகவே நமக்கு உச்சிவெயில் 12 மணிக்கு வராது, சராசரியாக 1.19-க்குத்தான் வரும். அதுவும் நிலையானதல்ல. பூமியின் பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் தொடக்கத்தில் 1.03 அளவிலும் பிப்ரவரி நடுவில் 1.33 அளவிலும் உச்சி வரும்.

இந்தச் சட்ட நேரமும் பலமுறை மாறியது. 1905-இல் 7 மணி, 1933-இல் 7 மணி 20 நிமிடம், 1941-இல் ஏழரை. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரமான 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. 1982 முதல் 8.

பஞ்சாங்கத்தைப் பார்க்கும்போது

தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தை எடுத்து, எல்லாவற்றோடும் இரண்டரை மணியைக் கூட்டுகிறோம். இது பாதிதான் சரி. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம். அது முடியும் கணம் உலகத்துக்கே ஒன்று. அதற்கு இரண்டரை மணி கூட்டலாம்.

ராகுகாலம் அப்படியல்ல. அது உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்து வருவது. திங்கட்கிழமைக்கு இரண்டாம் பங்கு. உதயம் 6 மணி என்று வைத்துத்தான் 7.30 முதல் 9 வரை என்கிறார்கள். பினாங்கில் உதயம் 7.15 என்றால், அது 8.45-க்குத் தொடங்கும். இரண்டரை மணி கூட்டியவர் 10 மணி என்பார். காலண்டரை அப்படியே படித்தவர் 7.30 என்பார். ஒரே ராகுகாலம், மூன்று பதில்!

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாறுபடுவது வேறு விஷயம். முன்னது பழைய சூத்திரங்களின்படி கணிப்பது. பின்னது இன்றைய வானியல் அளவுகளோடு திருத்திக்கொண்டது. எதைப் பின்பற்றுவது என்பதை உங்கள் கோயில் குருக்களிடம் கேளுங்கள்.

விநாடியிலும் சண்டை

நம் கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிரும். வெப்பம் மாறினால் அதிர்வும் கொஞ்சம் மாறும். சாதாரணக் கடிகாரம் மாதத்துக்கு 15 விநாடி வரை முன்பின் போகலாம். டிவி ஒளிபரப்பு நம்மிடம் வந்து சேரவே சில விநாடி ஆகும். இணையத்தில் பார்த்தால் இன்னும் தாமதம். ஜிபிஎஸ்ஸின் உள்நேரமோ உலக நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது, ஏனெனில் அது 'லீப் விநாடி'களைச் சேர்ப்பதில்லை. கடைசியாகச் சேர்த்த லீப் விநாடி நமக்கு 2017 ஜனவரி 1 காலை 8 மணிக்குச் சற்று முன் வந்தது.

அப்போ எதை நம்புவது? மலேசியாவின் அதிகார நேரத்தை அணுக் கடிகாரங்களைக் கொண்டு காப்பது தேசிய அளவியல் கழகம். இணையத்தோடு இணைந்து, தானாக நேரம் எடுக்கும் கைப்பேசியே நம் தேவைக்குப் போதும்.

செய்து பாருங்கள்

1. விநாடி முள் 12-இல் நிற்கும்போது கடிகாரத் திருகை வெளியே இழுங்கள். நிமிட முள்ளை அடுத்த நிமிடத்தில் வையுங்கள். கைப்பேசியில் அந்த நிமிடம் பிறக்கும் கணத்தில் திருகை உள்ளே அழுத்துங்கள்.

2. ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டு எத்தனை விநாடி மாறியது என்று எழுதி வையுங்கள். ஒரே அளவாகப் பிந்தும் கடிகாரம் கெட்ட கடிகாரமில்லை. கணக்குத் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

3. வெயில் நாளில் பாடாங் கோத்தாவில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். நிழல் மிகவும் குறுகும் நிமிடத்தைக் குறியுங்கள். அதுதான் நம் ஊரின் உண்மையான நண்பகல்.

4. வீட்டில் 1982-க்கு முன் பிறந்தவர்களின் ஜாதகத்தைக் கணினியில் போடும்போது ஏழரை மணியா, எட்டா என்று பாருங்கள். அதற்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சித்தப்பாவின் ஜாதகத்தை ஏழரை மணி வைத்து மறுபடி போட்டேன். ரிஷப லக்னம் வந்தது. அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் பழைய தாளையும் அதோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்தார்.