ஸ்கூடாயிலிருந்து பாட்டிக்கு

பாட்டி டத்தோ கிராமாட்டில். நான் படிப்பது ஸ்கூடாயில், ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போன கந்த சஷ்டிக்கு விரதமிருந்தவர் இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா பார்க்கும்போது கைநடுக்கம், வியர்வை. சீனி அளவு 3.2.

“ஏன் பாட்டி சொல்லல?”

“உனக்குப் பரீட்சையாச்சே ஐயா.”

அன்றிரவே வாட்ஸ்அப் குழு. மருந்து வாங்குவது அத்தை, காலை அளவைப் படமெடுத்து அனுப்புவது அக்கா, இரவு எட்டுக்கு அழைப்பது நான். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்: 4-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கணும், 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்கணும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999.

நண்பர்களே, விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் இன்சுலின் அளவைக் கேளுங்கள். நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

இந்த வருடம் டாக்டர் சொன்னபடி பாட்டிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, வெறும் சைவம். முருகன் கோபிக்கமாட்டார் என்று சொன்னது பாட்டிதான், நான் இல்லை.