ஜோடி போதாது, குடும்பம் வேண்டும்

நோவாவின் பேழையைப் பற்றி அறியாத மாணவி நம்மிடையே இருக்க முடியாது. பெருவெள்ளத்தினின்று உயிரினங்களைக் காக்க, ஆணும் பெண்ணுமாக அவை பேழையில் ஏற்றப்பட்டன. மிருகக்காட்சிசாலைகளை நடத்துவோர் தம் பணியை இப்பேழைக்கு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. காடு அழிந்தாலும் இங்கு ஒரு ஜோடி இருந்தால் இனம் தழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மான், மயில், முயல் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் வாலில்லாக் குரங்கும் யானையும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அவற்றைப் பேணி வளர்ப்பதில் மனிதன் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாலில்லாக் குரங்குகள்

நம் ஊர்க் கோவில்களிலும் சாலை ஓரங்களிலும் காணும் குரங்குகளுக்கு வால் உண்டு. கொரில்லா, சிம்பன்சி, போனபோ, ஒராங் உட்டான், கிப்பன் ஆகியவற்றுக்கு வால் இல்லை. இவற்றையே வாலில்லாக் குரங்குகள் என்கிறோம். கொரில்லாவும் சிம்பன்சியும் போனபோவும் ஆப்பிரிக்காவிலும், ஒராங் உட்டானும் கிப்பனும் ஆசியாவிலும் வாழ்கின்றன.

கொரில்லாவின் கர்ப்ப காலம் ஏறக்குறைய எட்டரை மாதம். பெரும்பாலும் ஒரே குட்டி. எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. அது மூன்று, நான்கு ஆண்டுகள் வரை தாய்ப்பால் குடிக்கும். ஒராங் உட்டான் தாய் ஒரு குட்டியை வளர்த்து ஆளாக்கிய பின், ஏழெட்டு ஆண்டு கழித்தே அடுத்ததை ஈனும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒவ்வொரு குட்டியும் விலைமதிப்பற்றது அல்லவா?

முற்காலத்தில் இவற்றைப் பிடித்த முறை மிகக் கொடியது. குட்டியைப் பிடிப்பதற்காகத் தாயையும், அதைக் காக்க வரும் மற்ற பெரியவற்றையும் கொன்றார்கள். இவ்வாறு அநாதையான குட்டிகளே கப்பலேறி மிருகக்காட்சிசாலைகளுக்குச் சென்றன. 1975-இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ஒப்பந்தம் இவ்வணிகத்துக்குத் தடை விதித்தது.

கோலோவும் கோமாவும்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் மிருகக்காட்சிசாலையில் 1956 டிசம்பர் 22 அன்று ஒரு பெண் கொரில்லாக் குட்டி பிறந்தது. மனிதர் பராமரிப்பில் பிறந்த முதல் கொரில்லா அதுவே. வாரன் தாமஸ் என்ற கால்நடை மருத்துவ மாணவர் அங்கே வேலை பார்த்து வந்தார். பனிக்குடம் கிழியாத நிலையில் குட்டி தரையில் கிடப்பதை அவர் கண்டார். உடனே உறையைக் கிழித்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி அதன் உயிரைக் காப்பாற்றினார். கோலோ என்று பெயரிடப்பட்ட அக்குட்டியை மனிதர்களே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1959 செப்டம்பர் 23 அன்று, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கோமா பிறந்தது. ஐரோப்பாவில் பிறந்த முதல் கொரில்லா இது. தாயின் பெயர் அகில்லா. அவள் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மார்பில் சேர்த்துப் பால் கொடுக்கத் தெரியவில்லை. குட்டி பசியால் வாடியது. வேறு வழியின்றி இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று வளர்த்தார்.

அகில்லாவுக்குப் பாசம் இல்லையா? அப்படிக் கூறுவது தவறு. குட்டியாக இருக்கும்போதே காட்டினின்று பிரிக்கப்பட்டவள் அவள். வேறொரு தாய் குட்டிக்குப் பாலூட்டுவதைப் பார்த்து வளரும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. காட்டில் ஓர் இளம் பெண் கொரில்லா, தன் தாயையும் கூட்டத்திலுள்ள மற்றத் தாய்மாரையும் பல ஆண்டுகள் கவனித்த பிறகே தானும் தாயாகிறது. தாய்மை உணர்வு இயற்கை தந்த கொடை; தாய்மைக்குரிய தொழிலோ பார்த்துப் பழக வேண்டியது.

1961 ஏப்ரலில் அகில்லாவுக்கு யாம்போ என்ற ஆண்குட்டி பிறந்தது. இம்முறை அவளே பால் கொடுத்து வளர்த்தாள். மிருகக்காட்சிசாலையில் பிறந்து தன் தாயாலேயே வளர்க்கப்பட்ட முதல் கொரில்லா யாம்போதான். பின்னர் அது ஜெரால்டு டரல் நிறுவிய ஜெர்சித் தீவு மிருகக்காட்சிசாலைக்குச் சென்றது. 1986 ஆகஸ்டு 31 அன்று ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே கொரில்லாக்களின் அடைப்புக்குள் தவறி விழுந்து மயங்கினான். பார்த்தவர்கள் அலறினார்கள். யாம்போவோ சிறுவனின் அருகே சென்று, முதுகை மெல்லத் தடவி, மற்ற கொரில்லாக்கள் நெருங்காதபடி இடையே நின்றது. சிறுவன் உயிர் பிழைத்தான்.

கோலோ தன் குட்டிகள் எதையும் தானே வளர்க்கவில்லை. எனினும் முதிர்ந்த வயதில் தன் பேரக்குட்டி ஒன்றைச் சிறு வயதிலிருந்தே வளர்த்தது. 2017 ஜனவரியில், 60 வயதில், கோலோ இறந்தது.

இன்றும் இப்பாடம் தொடர்கிறது. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் ஓர் ஒராங் உட்டான், தான் சிறிதாக இருக்கும்போதே தாயை இழந்தது. தன் முதற்குட்டியைப் பேண அதற்குத் தெரியவில்லை. 2022 டிசம்பரில் இரண்டாவது குட்டி பிறந்தது. அங்கு பணியாற்றிய பெண் ஒருவர், தம் கைக்குழந்தையுடன் வந்து அதன் எதிரே அமர்ந்து பாலூட்டினார். அது உற்றுப் பார்த்தது. பின்னர் தானும் பாலூட்டத் தொடங்கியது. 2024-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் இவ்வாறு செய்து பார்த்தார்கள். அந்தத் தாய் குட்டியை அன்போடு வைத்திருந்தும் பால் கொடுக்கவில்லை. புட்டிப்பாலே கொடுக்க நேர்ந்தது. அறுந்துபோன பாடத்தை மீண்டும் கற்பிப்பது எளிதன்று.

யானையின் குடும்பம்

யானையின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 22 மாதம். பிறக்கும் கன்றின் எடை ஏறக்குறைய 100 கிலோ. தும்பிக்கையைச் சரிவரப் பயன்படுத்தவே அதற்குப் பல மாதம் ஆகும். கூட்டத்துக்கு மூத்த பிடியானை தலைமை தாங்கும். தாய், பாட்டி, சித்தி, பெரியம்மா, அக்கா எனப் பெண்கள் சேர்ந்து வாழும் கூட்டுக்குடும்பம் அது. கன்று இடறி விழுந்தால் தூக்கிவிடப் பல தும்பிக்கைகள் நீளும். களிறு பருவம் அடைந்ததும் கூட்டத்தை விட்டு விலகிச் செல்லும்.

அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரின் மிருகக்காட்சிசாலையில் 1962 ஏப்ரல் 14 அன்று பேக்கி என்ற ஆண்கன்று பிறந்தது. மேற்கு அரைக்கோளத்தில் 44 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த முதல் யானைக்கன்று அதுவே. அங்கு பெல் என்ற தாய் யானை தனியாக இல்லை. வேறு பெண் யானைகளும் உடனிருந்தன. அடுத்து வந்த மாதங்களில் அவையும் கன்று ஈன்றன.

பல இடங்களில் நிலைமை வேறு. ஒன்றிரண்டு யானைகளைச் சிமெண்டுத் தரையில் சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். பிரசவம் என்றால் என்னவென்றே பார்த்திராத இளந்தாய், கன்றைக் கண்டு மிரண்டு உதைத்துத் தள்ளுவதும் உண்டு. இதனால் உயிரிழந்த கன்றுகள் பல. ஆகவே இன்று நல்ல நிலையங்களில் மூத்த யானைகள் அருகிலிருக்கவே பிரசவம் நடக்கிறது. இளைய பிடியானைகளும் பார்த்துக் கற்கின்றன. தாயையும் மகளையும் வாழ்நாள் முழுவதும் பிரிக்காமல் வைத்திருக்க முயல்கிறார்கள்.

விஞ்ஞானமும் துணை செய்கிறது. இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு சட்டெனக் குறைந்தால், சில நாட்களில் கன்று பிறக்கும் என்று அறியலாம். செயற்கை முறைக் கருவூட்டலால் 1999-இல் அமெரிக்காவில் ஒரு யானைக்கன்று பிறந்தது.

நோயும் நலமும்

இளங்கன்றுகளுக்குப் பெரும்பகை ஒருவகை ஹெர்பிஸ் வைரஸ். 1995-இல் வாஷிங்டனில் குமாரி என்ற 16 மாதக் கன்று திடீரென இறந்தது. அதன் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் இந்த வைரஸைக் கண்டறிந்து 1999-இல் அறிவித்தார்கள். காலையில் ஓடி விளையாடும் கன்று ஓரிரு நாளில் மடிந்துவிடும். ஆகவே கன்றுகளின் இரத்தத்தை அடிக்கடி பரிசோதிக்கிறார்கள். 2024-இல் ஹூஸ்டன் நகரில் ஒரு யானைக்கு இதற்கான தடுப்பூசி போடப்பட்டது.

யானையின் பாதம் அதன் உயிர்நாடி. கடினத் தரையில் நின்றால் நகமும் பாதமும் புண்ணாகும். எனவே மணல் தரை அமைக்கிறார்கள். அங்குசத்தால் அடக்குவதற்குப் பதிலாக, பணியாளர் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று, பழம் கொடுத்துப் பழக்குகிறார். யானை தானாகவே காலை நீட்டுகிறது.

வாலில்லாக் குரங்குகளுக்கு நம்முடைய நோய்கள் எளிதில் தொற்றும். 2021 ஜனவரியில் சான்டியாகோவில் கொரில்லாக்களுக்குக் கொரோனா கண்டது. சளியோ இருமலோ உள்ள பணியாளர் அருகில் செல்லக்கூடாது என்பது விதி. உணவிலும் கவனம் தேவை. மாவுச்சத்து மிகுந்த பிஸ்கோத்தை உண்டு சோம்பியிருந்த கொரில்லாக்களுக்கு, கிளீவ்லாண்டு மிருகக்காட்சிசாலையில் அதை நிறுத்திவிட்டு, கீரையும் தழையும் கூடை கூடையாகக் கொடுத்தார்கள். அவற்றின் உடல் இளைத்தது. நாளின் பெரும்பகுதியைக் காட்டில் இருப்பதுபோல் மென்று கழித்தன.

ஒரு பதிவேடு

நம் பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. பெற்றோர் பெயர், பிறந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். திருமண வேளையில் உறவுமுறை பார்க்கவும் அது உதவும். கொரில்லாக்களுக்கும் இத்தகைய பதிவேடு உண்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட் மிருகக்காட்சிசாலை, உலகெங்குமுள்ள கொரில்லாக்களின் வம்சாவளியைக் குறித்து வைக்கிறது. நெருங்கிய இரத்த உறவில் குட்டி பிறந்தால் இனம் நலியும். ஆகவே எந்த ஆணை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை இதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

அடைத்து வைப்பது தகுமா?

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் நடுத்தர ஆயுள் ஏறக்குறைய 19 ஆண்டு. மியான்மரில் மரம் இழுக்கும் முகாம்களில் வாழ்ந்தவற்றுக்கோ ஏறக்குறைய 42 ஆண்டு. உழைத்த யானை நெடுநாள் வாழ்ந்தது. உட்கார வைத்து ஊட்டப்பட்ட யானை விரைவில் மாண்டது! ஓரிடம் விட்டு ஓரிடம் மாற்றப்பட்ட யானைகளுக்கு ஆபத்து கூடியதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது.

இந்தியாவில் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம், யானைகளை மிருகக்காட்சிசாலைகளிலும் சர்க்கஸ்களிலும் வைக்காமல், வனத்துறை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் அனுப்புமாறு 2009-இல் ஆணையிட்டது. நம் முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைகளைக் காட்டில் மேய விடுவது நெடுநாள் வழக்கம். பகைமையின்றிப் பழகும் காட்டு யானைகளும் அங்கே உண்டு. அத்தகைய வாழ்வில் கன்றுகள் இயல்பாகவே பிறந்து தாயோடு வளர்ந்தன.

அப்படியானால் மிருகக்காட்சிசாலையே கூடாதா? காடுகள் சுருங்கிவரும் இந்நாளில் அவ்வாறு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், எத்தனை குட்டிகள் பிறந்தன என்ற கணக்கு மட்டும் பெருமை ஆகாது. பிறந்த குட்டிக்குத் தாயின் மடி உண்டா, பாட்டியின் துணை உண்டா, நடக்க மண்ணும் தின்னத் தழையும் உண்டா என்று கேட்க வேண்டும். இவற்றைக் கொடுக்க இயலாதவர்கள் இவ்விலங்குகளை வைத்திருப்பதைவிட, வைத்திருக்காமல் இருப்பதே மேல்.

மாணவியரே, அடுத்த முறை மிருகக்காட்சிசாலைக்குச் செல்லும்போது, கூண்டருகில் கூச்சலிடாதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள், தின்பண்டம் எறியாதீர்கள். சற்று நேரம் அமைதியாக நின்று, தாய் என்ன செய்கிறாள், குட்டி யாரைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அது தனித்து இருந்தால், ஏன் என்று அங்குள்ளவரிடம் பணிவோடு கேளுங்கள்.

உயிர்கள் அனைத்தையும் சகோதரர் என்று அழைத்தவர் புனித பிரான்சிஸ் அசிசியார். படைப்புகளைப் பேணும் பொறுப்பை இறைவன் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அவற்றைக் குடும்பத்தினின்று பிரிக்காமல் பேணும் நல்லறிவை அவர் நமக்கு அருள்வாராக.