அங்கோர் வாட் போகிறீர்களா? கையில் வைத்துக்கொள்ள சில குறிப்புகள்

பாங்காக் டூரோடு ஒரு நாளை ஒட்டவைத்து, அங்கோர் வாட்டையும் 'முடித்துவிட்டு' வருகிறவர்கள் நம்மில் அதிகம். அப்படிப் போனால் மிஞ்சுவது கால்வலியும் நாலு செல்ஃபியும்தான். 12-ஆம் நூற்றாண்டில் கம்போடியாவை ஆண்ட இரண்டாம் சூரியவர்மன் பெருமாளுக்கு எடுத்த கோயில் அது. கொஞ்சம் திட்டமிட்டுப் போனால் கொடுத்த காசுக்கு மேல் கிடைக்கும்.

1. நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர், ஏழு நாளைக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டையே வாங்குங்கள். பத்து நாளைக்குள் விருப்பப்பட்ட மூன்று நாள் போகலாம் என்பதால் நடுவில் ஓய்வும் எடுக்கலாம். சீட்டில் உங்கள் படம் இருக்கும். இன்னொருவர் பயன்படுத்த முடியாது. அதிகாரபூர்வ கவுண்டரிலோ இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். கட்டணம் மாறியிருக்கிறதா என்று கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

2. மாலை 5 மணி சுமாருக்குக் கவுண்டருக்குப் போனால் மறுநாளைக்கான சீட்டைக் கொடுப்பார்கள். அதே சீட்டில் அன்றைய அஸ்தமனத்தையும் பார்த்துவிடலாம். அது கணக்கில் வராது. மறுநாள் விடியற்காலை வரிசையில் நிற்கிற வேலையும் மிச்சம்.

3. இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஆன்லைனிலேயே எடுக்கலாம். அதோடு இ-அரைவல் படிவத்தையும் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கிற தளம் என்றால் அது போலி. 2023-இல் திறந்த புதிய விமான நிலையம், நீங்கள் தங்கப்போகும் சியம் ரீப் ஊரிலிருந்து 40 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கிறது. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி 'பத்து நிமிஷத்தில் ஹோட்டல்' என்று கணக்குப் போடாதீர்கள். தாய்லாந்தோடு 2025-இல் எல்லை மோதல் நடந்திருப்பதால், பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

4. அமெரிக்க டாலர் எங்கும் செல்லும். ஆனால் ஓரம் கிழிந்த நோட்டையும் பேனா கிறுக்கிய நோட்டையும் தொடவே மாட்டார்கள். இங்கேயே நல்ல நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். 1, 5, 10 டாலர் நோட்டுகள் நிறைய இருக்கட்டும். சில்லறை மட்டும் அவர்கள் பணமான ரியலில் வரும். ஏறக்குறைய 4,000 ரியல் ஒரு டாலர்.

5. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பாக்கான் எனப்படும் உச்சித் தளத்தின் படிக்கட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்புவார்கள். பெண்களுக்குப் பருத்திச் சுடிதார், ஆண்களுக்கு அரைக்கைச் சட்டையும் லேசான முழு பேன்ட்டும் போதும்.

6. அந்த உச்சித் தளத்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. புத்தமத விரத நாட்களில் யாருக்குமே கிடையாது. அந்த நாட்களைக் கண்டுபிடிப்பது நமக்குச் சுலபம். நம் தினசரி காலண்டரில் பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அஷ்டமி எப்போது என்று பாருங்கள். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். படி செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுவதில் நஷ்டமில்லை. நல்ல சமாச்சாரமெல்லாம் கீழேதான் இருக்கிறது.

7. சூரியோதயம் பார்க்கக் காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். உள்ளே கும்மிருட்டு, சின்ன டார்ச் அவசியம். எல்லோரும் முட்டிமோதுவது இடப்பக்கக் குளக்கரையில்தான். என்னைக் கேட்டால், உதயத்துக்குக் கொடுக்கிற விளம்பரம் கொஞ்சம் அதிகம். கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் அதன் முதுகுப்பக்கம் இருப்பதால் முகப்பு இருட்டாகவே விழும். கல்லின் நிறமும் செதுக்கலும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் மாலை 3 மணிக்கு மேல் போங்கள். கூட்டமும் குறைந்திருக்கும்.

8. இனி முக்கியமான குறிப்பு. உள்ளே போனதும் கோபுரத்தை நோக்கி ஓடாமல், மேற்குச் சுற்று மண்டபத்தில் வலது கைப்பக்கம் திரும்புங்கள். வலம் வந்தே பழகிய கால் இடதுபக்கம் இழுக்கும். இங்கே சுவர்ச் சிற்பங்களில் கதை இடஞ்சுழியாக ஓடுகிறது. சுவர் எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். முதலில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர், தேரோட்டியாக நான்கு கை கிருஷ்ணர். தெற்கே சூரியவர்மனின் படை ஊர்வலமும், சொர்க்க நரகங்களும். கிழக்கே 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைகிறார்கள்: ஒருபக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவே திருமால், அடியில் ஆமை. தேவர் வரிசையின் கடைசியில் பாம்பின் வாலைப் பிடித்து இழுப்பது ஒரு வானரம்! அனுமன் என்கிறவர்களும் உண்டு, சுக்ரீவன் என்கிறவர்களும் உண்டு. வாலி பாற்கடல் கடைந்ததைக் கம்பராமாயணத்தில் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி அத்தனை விசித்திரமாகப் படாது. சுற்றி மேற்குக்கே திரும்பினால் இலங்கைப் போர். அனுமன் தோளில் ராமன், சிங்கம் பூட்டிய தேரில் ராவணன். பிள்ளைகளுக்குக் கதையை முதல்நாள் ராத்திரியே சொல்லிவைத்துவிட்டால், மறுநாள் அவர்களே விரலைக் காட்டிச் சொல்வார்கள். இந்த மண்டபச் சுற்றுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

9. போக்குவரத்துக்கு டுக்டுக்கே போதும். ஸ்மால் சர்க்யூட், கிராண்ட் சர்க்யூட் என்று இரண்டு சுற்று உண்டு. கிளம்புமுன்னே எந்தச் சுற்று, எத்தனை டாலர், உதயத்துக்குத் தனிக்கட்டணமா என்று பேசி முடித்துவிடுங்கள். மரவேர் விழுங்கிய தா ப்ரோம் கோயிலைத் திறந்தவுடனே பாருங்கள். பத்து மணிக்குமேல் அங்கே வேரைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

10. பாந்தியாய் ஸ்ரீயைத் தள்ளிவிடாதீர்கள். 967-இல் எழுந்த சிறிய சிவன் கோயில். ஊரிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. செம்மைகலந்த மணற்கல்லில் மரத்தில் செதுக்கியதுபோல் வேலைப்பாடு. அளவில் அங்கோர் வாட்டின் ஒரு மூலைக்குக் காணாது; வேலைப்பாட்டில் அதை மிஞ்சும்.

11. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல் வேண்டாம்: வெயில் கொளுத்தும், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு வருவதால் கூட்டமும் நெருக்கும். தண்ணீர் பாட்டில், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தொப்பி எப்போதும் பையில் இருக்கட்டும்.

12. சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் விடுவார்கள். 'மீன் சாஸும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சியம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போனால் கவலையே இல்லை.

13. குரங்குகள் பையைப் பிடுங்கும், தீனி போடாதீர்கள். அஞ்சலட்டை விற்கும் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள். வாங்கினால் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அவர்கள் இங்கே நிற்பார்கள்.

14. சிற்பத்தைத் தொடாதீர்கள். தெற்குச் சுவரில் சில உருவங்கள் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளப்பது, நம்மைப்போல் வந்தவர்கள் தடவித் தடவி வந்த மெருகு என்கிறவர்கள் உண்டு. உள்நாட்டுச் சண்டை முழுதாக ஓயாத காலத்தில், 1986 முதல் 1993 வரை, இந்தியத் தொல்லியல் துறை போய் இந்தக் கோயிலில் பராமரிப்பு வேலை செய்திருக்கிறது. நம்மவர்கள் பராமரித்த அந்தக் கோயிலில் உங்கள் பிள்ளை சிற்பத்தை நோக்கிக் கையை நீட்டினால் நீங்களே தடுத்துவிடுங்கள். காவலாளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.