வீடு தேடி வந்த மாத்திரை

கேள்வி: மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் ஆய்வுகளால் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு என்ன பயன்?
– வாசகர், ஓசூர்

பதில்: சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2020-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையினர் அரசுடன் சேர்ந்து மாநிலம் முழுக்க ஆய்வு செய்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. நெஞ்சைச் சுடும் கணக்கு இது. மாத்திரை வாங்க மாதாமாதம் ஒருநாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க ஏழைகளால் எப்படி முடியும்?

இதற்கு விடையாக, 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது.

ஆனால் ஓசூர் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர் பகலில் வீட்டில் இருப்பாரா? வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழ் புரியுமா? 2022-இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இவர்களைத்தான் அடுத்து ஆராய வேண்டும். நீங்களும் முப்பதைத் தாண்டியவர் என்றால், இந்த வாரமே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.