பிளிப்பரின் விண்ணப்பம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் ஜார்ஜியா என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள தாமஸ்வில் என்னும் ஊரில் 1856ஆம் ஆண்டில் ஹென்றி பிளிப்பர் பிறந்தார். பிறக்கும்போதே அவர் அடிமை. கறுப்பினத்தைச் சேர்ந்த அவர்தம் தந்தை ஒருவருக்கும், தாய் வேறொருவருக்கும் உடைமையாயிருந்தனர். தந்தையின் உடைமையாளர் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர முற்பட்டபோது, குடும்பம் இரண்டாகப் பிரியும் நிலை ஏற்பட்டது. காலணி தைக்கும் தொழிலில் வல்லவரான தந்தை, தாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தம் உடைமையாளரிடமே கொடுத்து, மனைவியையும் மகனையும் அவர் வாங்குமாறு செய்தார். தம் பணத்தைக் கொடுத்து மனைவி மக்களைப் பிறருக்கு உடைமையாக்கினால்தான் அவர்களோடு கூடி வாழலாம் என்றிருந்த கொடிய காலம் அது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறையும் ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்காகக் கிறித்தவத் தொண்டர்கள் பள்ளிகளை நிறுவினர். அவற்றில் பயின்ற பிளிப்பர், பின்னர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதலாண்டு மாணவரானார். அங்கே அவரை வெறுப்பார் இல்லை. நண்பர்கள் பலர் இருந்தனர். ஊர், வீடு, கல்வி எல்லாம் ஓரிடத்தில் அமைந்திருந்தன.

இந்நிலையில் 1872ஆம் ஆண்டில் ஒருநாள், காலணிக் கடையில் அமர்ந்திருந்தபோது, இருவர் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. அவர் வாழ்ந்த தொகுதியிலிருந்து வெஸ்ட் பாயிண்ட் படைத்துறைக் கல்லூரிக்குச் சென்ற மாணவர் அடுத்த ஜூன் மாதத்தில் படிப்பை முடித்து வெளியேறுவார் என்பதே அப்பேச்சு. பிறர்க்கு அது வெறுஞ்செய்தி. பிளிப்பருக்கோ அது திறந்த கதவு.

வெஸ்ட் பாயிண்ட், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் 1802இல் நிறுவப்பட்ட கல்லூரி. படிப்புச் செலவை அரசே ஏற்கும். மாணவர்க்கு ஊதியமும் உண்டு. ஆனால், விரும்பியவரெல்லாம் அதில் சேர இயலாது. அந்நாளில் ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினரும் தம் தொகுதிக்கென ஒருவரை நியமிப்பார். அவர் வெளியேறிய பின்னரே அவ்விடம் அடுத்தவருக்குக் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும், அங்கே முதலாண்டிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இவ்விதி இன்றும் மாறவில்லை.

பிளிப்பர், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரான பிரீமன் என்பவருக்குக் கடிதம் எழுதினார். பிரீமன் வெள்ளையர். அவர் மறுக்கவில்லை, உடனே இசையவுமில்லை. தகுதியுடையவர் என்று மெய்ப்பித்தால் நியமிப்பதாக விடையளித்தார். மேலும் சில கடிதங்கள் சென்றன, வந்தன. பின்னர்ப் பிரீமன் அமைத்த குழுவினர் பிளிப்பரின் கல்வியை ஆய்ந்து, தகுதியுடையவர் எனக் கண்டனர். பரிந்துரை வேண்டிக் கெஞ்சாமல், தம்மைத் தேர்ந்து பார்க்குமாறு வேண்டியதே அவ்விண்ணப்பத்தின் சிறப்பு. நியமனம் கிடைத்த பின், அதைத் தம் மகனுக்கு விட்டுக்கொடுத்தால் 5,000 டாலர் தருவதாக ஒருவர் கூறினார். காலணி தைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது பெருஞ்செல்வம். பிளிப்பர் அதை ஏற்கவில்லை.

1873 மே மாதத்தில் அவர் வெஸ்ட் பாயிண்ட்டை அடைந்தார். அவருக்கு முன்னரே, 1870இல், ஜேம்ஸ் ஸ்மித் என்னும் கறுப்பின மாணவர் அங்குச் சேர்ந்திருந்தார். அவர் பட்ட துன்பம் செய்தித்தாள்களில் வெளிவந்து நாடறிந்ததாயிற்று. வந்திறங்கிய பிளிப்பருக்கு ஸ்மித் எழுதியனுப்பிய கடிதம் அவர் மனத்தை மிகவும் கலக்கியது. ஓராண்டு கழிந்து, 1874இல், தேர்வில் தவறினார் என்று கூறி ஸ்மித்தை வெளியேற்றினர்.

பிளிப்பரை அடித்தவர் இல்லை. அவரோடு பேசியவரும் இல்லை! கடமை பற்றிய சொல்லன்றி வேறு சொல் எதனையும் உடன் பயின்றோர் அவரிடம் பேசுவதில்லை. மறைவில் அன்பாகப் பேசிய சிலரும், பிறர் காணும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். நூற்றுக்கணக்கானோர் நடுவில் நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிவதென்றால், அடியைக் காட்டிலும் அது கொடிதன்றோ? அட்லாண்டாவில் விட்டுவந்த நண்பர்களை அவர் எத்துணை முறை நினைத்திருப்பார்! ஆயினும் அவர் எவரிடமும் நட்பை இரந்து நிற்கவில்லை. கணிதமும் பொறியியலும் கற்றார், அணிவகுப்பில் நின்றார், விதிகளைப் பிழையின்றிக் காத்தார்.

1877 ஜூன் மாதத்தில் 76 பேர் பட்டம் பெற்றனர். பிளிப்பர் 50ஆம் இடத்தில் நின்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பட்டத்தைப் பெற அவர் முன் சென்றபோது கூடியிருந்தோர் கைதட்டி ஆரவாரித்தனர். நான்கு ஆண்டுகள் வாய் திறவாதிருந்த மாணவர்களும் அன்று அருகில் வந்து வாழ்த்தினர்.

பத்தாம் குதிரைப்படையில் அதிகாரியான பிளிப்பர், இன்றைய ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள சில் கோட்டைக்குச் சென்றார். அங்குத் தேங்கிய நீரால் மலேரியாக் காய்ச்சல் பரவியது. அவர் நிலமட்டத்தை அளந்து ஒரு வடிகாலை வெட்டுவித்தார். பார்வைக்கு அது மேட்டை நோக்கிச் செல்வதுபோல் தோன்றும். ஆயினும் நீர் வடிந்தோடியது. அவர் பெயரால் வழங்கும் அவ்வடிகால் 1977இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

படைவாழ்வு அவருக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1881இல், டெக்சாசிலுள்ள டேவிஸ் கோட்டையில் அவர் பொறுப்பிலிருந்த பணம் குறைந்தது. அக்குறையை அவர் மேலதிகாரியிடம் மறைத்தார், அது பிழையே. படை நீதிமன்றம், அவர் பணத்தைக் கையாடவில்லை என்று தீர்ப்பளித்தும், அதிகாரிக்குத் தகாத நடத்தை என்னும் குற்றத்தைச் சாற்றி, 1882இல் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. அதன்பின் அவர் நிலஅளவைப் பொறியாளராக உழைத்துப் பெயர் பெற்றார். இழந்த பதவியை மீண்டும் வழங்குமாறு அவர் பலமுறை விண்ணப்பித்தார். இவ்விண்ணப்பங்கள் பயனளிக்கவில்லை. 1940இல் அவர் மறைந்தார்.

1976இல் படைத்துறை அவர்தம் நீக்கத்தை மதிப்புடன் கூடிய விடுவிப்பாக மாற்றியது. 1999 பிப்ரவரி மாதத்தில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அப்போது பிளிப்பர் இறந்து ஏறத்தாழ 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.