மரபணு ஆலோசகர் ஆவோமா?

“படித்து என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டால் டாக்டர், டீச்சர், நர்ஸ் என்றே நம்மில் பலர் கூறுகிறோம். நாம் அதிகம் கேள்விப்படாத அரிய பணி ஒன்று உண்டு. அதுவே மரபணு ஆலோசனை.

பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் என நம் ஊர்களில் அத்தை மகனையும் மாமன் மகனையும் மணப்பது புதிதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் உறவில் மணந்தவர்கள். அத்தகைய வீட்டில் காது கேளாத குழந்தை பிறந்தால், “கிரகணத்தில் வெளியே போனாள்” என்று தாயைத்தானே தூற்றுகிறார்கள்! உண்மை என்ன?

பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மரபணுவும் ஒன்று. மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இணையாக வருகின்றன. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து இவ்விதிகளை 1866-ல் வெளியிட்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. இணையில் ஒன்று பழுதாயினும் மற்றது நன்றாயிருந்தால், பல நோய்கள் வெளியே தெரிவதில்லை. பெற்றோர் இருவரிடமும் அதே பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளிடம் அதே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆயினும் உறவில் மணந்தோரில் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. நோய் வந்தாலும் தாய் மட்டும் குற்றவாளி ஆவது எப்படி?

இதைப் பக்குவமாக எடுத்துரைப்பவரே ஆலோசகர். மூன்று தலைமுறையை விசாரித்து, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் இட்டு வம்சாவளிப் படம் வரைவார். தக்க இரத்தப் பரிசோதனையைக் கூறுவார். முடிவைக் குடும்பத்தாரிடமே விடுவார், இரகசியம் காப்பார். கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்று கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இதற்கென முதல் பட்டமேற்படிப்பு அமெரிக்காவில் 1969-ல் தொடங்கியது. நாம் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, பி.எஸ்ஸி. முடித்து, எம்.எஸ்ஸி.யில் மனித மரபியலோ மரபணு ஆலோசனையோ பயிலலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மரபியல் துறை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது.

அறிவியலோடு பொறுமையும் இனிய தமிழும் இப்பணிக்கு வேண்டும். அழுதுகொண்டு வரும் தாயிடம், “அம்மா, இது உங்கள் குற்றமல்ல” என்று காரணத்தோடு கூற நம் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்தால் எவ்வளவு நன்று! தோழியரே, அந்த ஒருத்தி நம்மில் ஒருத்தியாக இருக்கட்டுமே!