சுட்ட துப்பாக்கியா, சுடாத துப்பாக்கியா?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஏந்தியவர். சென்னை ஆழ்வார்பேட்டையில் பிள்ளையை அந்த விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு முதல் பயம் விலை. அடுத்தது, ‘புதுசு’ என்று விற்பது புதுசுதானா என்ற சந்தேகம். அதைப் பற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“புதுத் துப்பாக்கி ஒரு குண்டுகூடச் சுட்டிருக்காது.”
சுட்டிருக்கும். போட்டித் தர ரைஃபிள் செய்யும் ஜெர்மன் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே சுட்டுப் பார்த்து, ஓட்டை விழுந்த அட்டையைப் பெட்டிக்குள் வைத்தே அனுப்புகின்றன. அட்டையில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ‘அட்டை தொலைஞ்சு போச்சு சார்’ என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

“குழலுக்குள் பார்த்தால் தெரிந்துவிடும்.”
தெரியாது. ஏர் ரைஃபிளின் குண்டான ஈயப் பெல்லட் மிருதுவானது. ஆயிரக்கணக்கில் சுட்டாலும் எஃகுக் குழல் எளிதில் தேயாது. துடைத்துவிட்டால் பளபளப்புதான். அதுவும் வாய்ப்பக்கம் கண்ணை வைத்துப் பார்ப்பது முட்டாள்தனம். திருகாணித் தலையில் கீறல், கன்னம் படும் கட்டையில் வியர்வைக் கறை, பெல்லட் வைக்கும் பள்ளத்தில் ஈயத்தூள், நெம்புகோல் உரசும் இடத்தில் வெளுப்பு, இவைதான் காட்டிக்கொடுக்கும். ரைஃபிளின் அழுத்தக் காற்று உருளையில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஐந்து வருடப் பழைய உருளையோடு வரும் ‘புது’ ரைஃபிள் கடையில் தேங்கிய சரக்காகவும் இருக்கலாம். அப்படியானால் விலை இறங்க வேண்டும். காலாவதியான உருளையோடு போட்டிக்குப் போக முடியாது. தேதியைக் கவனிப்பது வீரரின் பொறுப்பு என்கிறது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளன விதி.

“சுட்டதும் புகை வந்தால் பழசு.”
ஸ்பிரிங் ரக ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் நேர்மாறு. தொழிற்சாலையில் இட்ட எண்ணெய் அழுத்தச் சூட்டில் எரிவதால், புதிதில்தான் புகையும் படீரென்ற சத்தமும் வரும்.

“போலீஸ் பதிவில் எல்லாம் இருக்கும்.”
வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் சரி, எண் உரிமத்தில் ஏறும். ஆனால் 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குலமும் 20 ஜூலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமமே வேண்டாம். ஆக, பில்தான் முக்கியச் சாட்சி. வரிசை எண்ணையும் ‘புதியது’ என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள். பழையதைப் புதிதென்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் சென்னை நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.